நூற்று அறுபத்தேழு மேற்கோள்கள்

காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் சிலர் ராசிபலன் பார்ப்பார்கள். நான் என் மேற்கோள் எண்ணிக்கையைப் பார்ப்பேன். வெட்கக்கேடுதான், இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். நாம் எழுதிய ஆய்வுக் கட்டுரையை உலகத்தில் எத்தனை பேர் தங்கள் கட்டுரைகளில் ஆதாரமாகக் காட்டியிருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டர் எண்ணிச் சொல்லும். 2007 ஜூலையில் அந்தத் திங்கட்கிழமை காலை, என் ஆரணிக் கட்டுரைக்கு நூற்று அறுபத்தேழு வந்திருந்தது.

நான் சென்னையில் ஒரு கல்லூரியின் மருத்துவ உளவியல் துறையில் இணைப் பேராசிரியர். பெயர் ஹேமலதா. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல். என் பட்டியலில் முப்பத்தொரு கட்டுரைகள். கேட்க அமோகமாக இருக்கும். அதில் முப்பதைச் சேர்த்துப் பிழிந்தாலும் நாற்பது மேற்கோள் தேறாது. அந்த நாற்பதிலும் பாதி நானே என்னைக் காட்டிக்கொண்டது. மிச்சமிருக்கும் அந்த ஒன்றுதான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது, இரண்டு தடவை விமானம் ஏற்றியது, சொந்தக்காரர் கல்யாணங்களில் என்னை முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்தது.

1997இல் நான் பிறந்து வளர்ந்த பக்கமான ஆரணியில் நூற்றுப் பதினெட்டு பட்டு நெசவாளர் வீடுகளுக்குக் கேள்வித்தாளோடு போனேன். தூக்கம், பசி, அழுகை, எரிச்சல் என்று இருபது கேள்விகள். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதுண்டா என்பது. இல்லை என்றால் பூஜ்யம், அடிக்கடி என்றால் மூன்று. கலசப்பாக்கம் பக்கத்து விவசாயக் குடும்பங்களிலும் அதையே கேட்டேன். அங்கே ஐந்தில் ஒருவருக்கு அந்த எண்ணம் வந்திருந்தது. நெசவாளர்களில் நூற்றுப் பதினெட்டுக்கு மூன்றே பேர். குடும்பமே ஒரு தறியைச் சுற்றி வேலை செய்வது மனத்தைக் காக்கிறது என்று எழுதினேன். நல்ல செய்தி என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆளாளுக்கு எடுத்துக் காட்டினார்கள். ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் பக்கத்தில் மனநல ஆலோசனை மையங்கள் திறந்தபோது, நெசவாளர் ஊர்களுக்கு அவசியமில்லை என்று என் கட்டுரையைச் சொல்லி ஒதுக்கியது. அதையும் விண்ணப்பத்தில் 'சமூகத் தாக்கம்' என்ற தலைப்பின் கீழ்ப் பெருமையாகப் போட்டிருந்தேன்.

அன்று எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு மெயிலைத் திறந்தேன். லாவண்யா என்று ஒரு பெண், வேறொரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. என் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் இந்தத் துறைக்கே வந்தாளாம். அதே கேள்விகளோடு ஆரணியில் அறுபது வீடுகளுக்குப் போயிருக்கிறாள். ஒன்பதாவது கேள்விக்கு அவளுக்குப் பதினான்கு பேர் ஆமாம் என்று சொல்லியிருக்கிறார்கள். "தவறு என்னுடையதாகத்தான் இருக்கும் மேடம். நீங்கள் எந்த நாட்களில், எந்த நேரத்தில் போனீர்கள் என்று சொன்னால் நானும் அப்படியே போய்த் திரும்பக் கேட்பேன்" என்று முடித்திருந்தாள்.

 சண்டைக்கு வந்திருந்தால் சமாளித்திருப்பேன். இவ்வளவு பணிவாகக் கேட்டால் என்ன செய்வது?

எந்த நாட்களில் என்பதற்குப் பதில் எனக்குத் தெரியும். அது என் சாமர்த்தியம் என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த விஷயம். என் அப்பா நான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த வருடம் தறியை விட்டுவிட்டு களம்பூர் அரிசி மில்லில் கணக்கெழுதப் போனார். அதுவரைக்கும் நான் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். ஓடுகிற தறியை நிறுத்தி ஒரு நெசவாளியை ஒரு மணி நேரம் பேச வைத்தால் அவருக்கு எவ்வளவு பேஜார் என்று எனக்குத் தெரியும். அதனால் தறி ஓய்ந்திருக்கும் நாளாகப் பார்த்துப் போனேன். ஒரு பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல், முடிந்ததும் அதன் கடைசி நூல்களோடு புதுப் பாவின் நூல்களை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்பார்கள். நாலாயிரம், ஐயாயிரம் இழைகள். அதற்கென்று ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துவிடும். அன்று நெசவாளிக்குக் கை சும்மா இருக்கும். வெளியூர்க்காரர் யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது என்று என் ஆய்வு வழிகாட்டி தட்டிக்கொடுத்தார். அந்த நாளில் என்ன பிழை இருக்க முடியும்? ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன்.  ஆனாலும் எனக்குத் தெரிந்த ஏதோ ஒன்று ஞாபகத்துக்கு வர மறுத்தது.

துறைத்தலைவர் சிவப்பிரகாசத்திடம் மெயிலைக் காட்டினேன். நல்ல மனிதர். எனக்காக மூன்று வருடம் மேலிடத்தில் சண்டை போட்டவர்.

"வியாழக்கிழமை வரைக்கும் நீ இந்த மெயிலைப் பாக்கவே இல்ல. புரியுதா?" என்றார்.

"அந்தப் பொண்ணு சொல்றது சரியா இருந்தா சார்?"

"சரியாவே இருக்கட்டும். பேராசிரியரா ஆன பிறகு திருத்தம் போட்டா நேர்மைன்னு சொல்லுவாங்க. அதுக்கு முன்னால போட்டா முட்டாள்னு சொல்லுவாங்க."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. பத்து வருட உழைப்பு ஒரு மெயிலில் போய்விடும் என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் விடுப்புப் போட்டுவிட்டு வீட்டுப் பரணிலிருந்து பழைய படிவங்களை இறக்கினேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று எனக்கு நானே காட்டிக்கொள்ளத்தான். நூற்றுப் பதினெட்டில் நூற்று நான்கு படிவங்களில் 'தறி ஓய்வு, பாவு பிணைப்பு' என்று எழுதியிருந்தேன். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். புரட்டப் புரட்ட அதேதான். அந்த வயதில் அதைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன். இப்போது பார்த்தால் மனிதர்கள் சொன்ன பதில் மாதிரியே இல்லை.

அறுபத்து மூன்றாவது படிவத்தில் ஓரமாகப் பென்சிலில் ஒரு வரி இருந்தது. 'மறுநாள் வரச் சொன்னார்.' என் கையெழுத்துதான். பெயர் அருணகிரி, வயது முப்பத்தெட்டு, தேதி ஆகஸ்ட் பதினொன்று. இருபது கேள்விக்கும் பூஜ்யம். எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொன்ன ஆள் எதற்கு மறுநாள் வரச் சொன்னார்? நான் போனேனா? அடுத்த நாள் தேதியில் அறுபத்து நாலாவது படிவம் இருந்தது, வேறு தெரு, வேறு வீடு. போகவில்லை. ஒரு வரியை எழுதிவிட்டு அதை மறந்தும் போயிருக்கிறேன்.

புதன்கிழமை காலை ஆரணி பஸ் ஏறினேன். சாயங்காலம் திரும்பிவிடலாம் என்று கணக்கு. நேர்காணலுக்கான புடவையை இஸ்திரி போட்டுக் கட்டில்மேல் வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். வழியெல்லாம் அருணகிரி நலமாக இருக்க வேண்டும், 'அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, சும்மா காபி சாப்பிடக் கூப்பிட்டேன்' என்று சிரிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன்.

வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. கதவு திறந்திருந்தது. கூடத்தில் தறி ஓய்ந்திருந்தது. நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி பாவின் முன்னால் உட்கார்ந்து, விரலில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு இழைகளை முறுக்கிக்கொண்டிருந்தாள். இருபது, இருபத்தொரு வயதுப் பையன் ஒருவன் எதிரில் நூலைப் பிடித்துக்கொண்டிருந்தான். தறியின் தலைமாட்டில் பூவும் கற்பூரத் தட்டும். உள்ளேயிருந்து வந்த அம்மாள் என்னைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பேப்பர் எழுதிகினு வந்த பொண்ணுதானே நீங்க?" என்றாள். "ரொம்ப வருஷம் ஆச்சு. உக்காருங்க. நான் பொன்னியம்மா. இவன் எம்புள்ள தீனா."

"அருணகிரி சார் இல்லீங்களா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் சுவரைப் பார்த்தேன். சந்தனமாலை போட்ட படம். அந்த முகம் எனக்கு உடனே ஞாபகம் வந்தது.

"எப்ப இறந்தாரு?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

பிணைத்துக்கொண்டிருந்த கை நின்றது. தீனா தலையைக் குனிந்துகொண்டான். பொன்னியம்மாள் அவசரமாகத் தறியின் தலைமாட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இன்னாம்மா நீங்க, நம்ம வூட்டுப் பொண்ணு," என்றாள் பிணைக்கிறவள். "பாவு பிணைக்கிற எடத்துல நல்ல வார்த்த பேசுங்க."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஐந்து வயதில், எங்கள் வீட்டில் பாவு பிணைத்துக்கொண்டிருந்தபோது, 'பல்லி செத்துப்போச்சு' என்று கத்திக்கொண்டு ஓடி வந்து அம்மாவிடம் அறை வாங்கினேன். அன்று அந்தக் கூடத்தில் சாவு, நோய், அழுகை, இல்லாமை எதையும் வாயில் எடுக்கக் கூடாது. எடுத்தால் அந்தப் பாவு முழுக்க இழை அறுந்துகொண்டே இருக்கும் என்பார்கள். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, நூற்று நான்கு வீடுகளில், சரியாக அந்த நாளாகப் பொறுக்கியெடுத்து, பாவின் முன்னாலேயே உட்கார்ந்து, சாகத் தோன்றுகிறதா என்று கேட்டிருக்கிறேன். அவர்கள் இல்லை என்றார்கள். வேறென்ன சொல்வார்கள்?  எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

பொன்னியம்மாள் ஒயர் கூடையை எடுத்துக்கொண்டாள். "கடைக்குப் போயிட்டு வரேன். நீங்களும் அப்படியே வாங்க" என்றாள். தெரு முனையைத் தாண்டினோம். மூடியிருந்த ஒரு ரைஸ் மில்லின் சுவரோரம் நின்றாள்.

"அன்னிக்கு நீங்க கேக்க கேக்க எல்லாத்துக்கும் இல்ல இல்லன்னாரு. நீங்க எழுந்துக்கறப்ப மட்டும் நாளைக்கு வாங்கம்மான்னாரு. நீங்களும் சரின்னீங்க. அப்பறம் எங்கிட்ட சொன்னாரு, அது படிச்ச பொண்ணு, நம்ம பொண்ணு, அதுங்கிட்ட சொன்னா ஏதாச்சும் மருந்து குடுக்கும்னு. மறுநாள் சட்ட போட்டுகினு உக்காந்துகினு இருந்தாரு. அதுக்கு மறுநாளும் வாசலையே பாத்துகினு இருந்தாரு. பன்னெண்டாம் நாளு காலையில நான் குழாயடிக்குப் போயிட்டு வரேன்..." நிறுத்திக்கொண்டாள். "உங்க மேல தப்பு சொல்லலம்மா. உங்களுக்கு எத்தினி வூடோ."

 என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது?  அவர் செத்த பிறகும் ஒன்றரை வருடம் கழித்து, அவரையும் 'காக்கப்பட்டவர்' என்று எண்ணி அந்தக் கட்டுரையை வெளியிட்டிருக்கிறேன். நூற்று அறுபத்தேழு பேர் அதை எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஒண்ணு கேக்கணும்மா," என்றாள் பொன்னியம்மாள். "எம்புள்ளயும் அப்படியே இருக்கான். ரெண்டு மாசமா யாரோடயும் பேசறதில்ல. தூங்கறதில்ல. தறியில உக்காந்தா அப்படியே வெறிச்சுப் பாத்துகினு இருக்கான். எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. நான் கேட்டா ஒண்ணுமில்லன்றான். நீங்க கேட்டா சொல்லுவான். இன்னிக்கு வேணாம், இன்னிக்கு கேட்டா அவனும் இல்லன்னுதான் சொல்லுவான். நாளைக்கு வாங்க."

"நாளைக்கா?" என்றேன். "நாளைக்குக் காலையில எனக்குச் சென்னையில ஒரு முக்கியமான வேலை. வெள்ளிக்கிழமை வரட்டுமா? கட்டாயம் வரேன்."

அவள் என்னைக் கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. "சரிங்கம்மா" என்றாள்; நான் கேட்டதால் பக்கத்து வீட்டு போன் நம்பரை மட்டும் சொன்னாள். கூடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டாள். கடைக்குப் போகவே இல்லை.

நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பெருந்தன்மையான ஆள் என்று என்னை யாரும் நினைத்துவிட வேண்டாம். போய், சென்னை பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, டிக்கெட்டும் வாங்கினேன். ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டு நாள் காத்திருந்தார் அப்பா. பிள்ளை ஒரு நாள் காத்திருக்க மாட்டானா? இப்படி ஒரு கணக்கு என் மண்டைக்குள் ஓடுவதைக் கேட்டு எனக்கே பயமாகிவிட்டது. ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் எழுந்து நின்று கத்தி வண்டியை நிறுத்தச் சொன்னேன். கண்டக்டர் வாய்க்கு வந்தபடி திட்டினார். வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

சிவப்பிரகாசத்துக்கு போன் செய்து நாளைக்கு வர முடியாது என்றேன்.

"ஹேமா, விளையாடுறியா? தேதி மாத்த மாட்டாங்க. அடுத்த ஆள் ரெடியா இருக்கான்."

"தெரியும் சார்."

"ஒருத்தரைப் பாக்கணும்னா நாளான்னிக்குப் பாரேன்."

"பயமா இருக்கு சார்," என்றேன். வேறு எந்தக் காரணமும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் போனை வைத்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்ட் எதிரில் ஒரு பிரௌசிங் சென்டர் இருந்தது. உட்கார்ந்து லாவண்யாவுக்கு எழுதினேன். எந்த நாட்களில் போனேன், அந்த நாளில் அந்த வீடுகளில் எதைப் பேச மாட்டார்கள், அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது, உன் கணக்குதான் சரி, என்னுடையதை நம்பாதே. கட்டுரையை வெளியிட்ட இதழுக்கும், நெசவாளர் ஊர்களை ஒதுக்கிய தொண்டு நிறுவனத்துக்கும் அதையே அனுப்பினேன். நாலு வரிக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அனுப்பும் பொத்தான்மேல் விரலை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் 'நெட் ஸ்லோவாங்க?' என்று கேட்டே விட்டார். அனுப்பிய பிறகு நிம்மதி வரும் என்பார்கள். எனக்கு வரவில்லை. இனி என் பெயருக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை என்ற பயம்தான் வந்தது. அதையும் மிஞ்சி, விடிவதற்குள் அந்தப் பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம். பொன்னியம்மாளின் பக்கத்து வீட்டு நம்பருக்கு அழைத்து, 'இன்னிக்கு ராத்திரி அவன் பக்கத்துலயே படுங்க, காலையில வரேன்' என்று சொல்லிவிட்டு லாட்ஜுக்குப் போனேன்.

வியாழக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினேன். பாவு பிணைத்து முடிந்து தறி ஓட ஆரம்பித்திருந்தது. என்னைப் பார்த்ததும் தீனா கால் மிதியிலிருந்து காலை எடுத்தான். பொன்னியம்மாள் சமையலறையிலிருந்து வந்து கதவோரம் நின்றாள். இரவெல்லாம் அவளும் தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. படிவம் எதுவும் நான் கொண்டுபோகவில்லை. தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதல் எட்டுக் கேள்விகளை விட்டுவிட்டேன்.

"தம்பி, செத்துப்போனா தேவலைன்னு தோணியிருக்கா?"

அந்தக் கேள்வியை என் வேலையில் ஆயிரம் பேரிடமாவது கேட்டிருப்பேன். பதிலுக்குப் பயந்துகொண்டு கேட்டது அன்றுதான். அவன் அம்மாவைப் பார்த்தான். "நீ கொஞ்சம் வெளிய போம்மா" என்றான்.

"போவ மாட்டேன்," என்றாள் பொன்னியம்மாள். "சொல்லு. நான் கேக்கறேன்."

கைப்பையில் என் போன் அடித்தது. பத்து மணி. எடுத்து அணைத்துவிட்டு அவன் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தோணுது மேடம்," என்றான். "டெய்லி தோணுது. போன வாரம் கடையில போயி வாங்கிகினு வந்து வெச்சிருக்கேன்."

 "எங்க வெச்சிருக்க?"

கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கும் தறிக்குழியைக் கண்ணால் காட்டினான். நான் எழுவதற்குள் பொன்னியம்மாள் குழிக்குள் இறங்கிவிட்டாள். ஓரத்தில் கிடந்த கோணியை விலக்கிக் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, மேலே ஏறி வரத் தெம்பில்லாமல் மகனுடைய முழங்காலைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். தீனா அவள் தலைமேல் கையை வைத்தான்.

"வேலூர்ல எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு," என்றேன். "இப்பவே மூணு பேரும் போவோம். நான் கூடவே இருப்பேன்."

அவன் தலையாட்டினான். கொஞ்ச நேரம் கழித்துச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டே சொன்னான்.

"நேத்து கேட்டிருந்தீங்கன்னா இல்லன்னுதான் மேடம் சொல்லியிருப்பேன்."

"தெரியும்" என்றேன்.